இந்தோ-ஐரோப்பியரின் பூர்வீகத்தைப் பழைய டிஎன்ஏவில் தேடுவது எப்படி: புதிதாக வருவோருக்கு

2019 செப்டம்பர் முதல் வாரத்தில், தெற்காசியாவின் தொல்வரலாற்றைப் பற்றி இரண்டு ஆய்வுக்கட்டுரைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஒன்று அரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் கிடைத்த ஒரே ஓர் எலும்புக்கூட்டைப் பற்றியது; மற்றொன்று பெரும்பாலும் மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவின் வடக்கு விளிம்பிலும் வாழ்ந்து மறைந்த 523 பேரின் டிஎன்ஏவைப் பற்றியது. ஆரியர் வருகை பொய்த்துவிட்டது என்ற பொருளில் சில செய்திகளும், அது உறுதியாகிவிட்டது என்ற பொருளில் வேறு சில செய்திகளும் அடுத்தடுத்து வந்தன. இரண்டு கட்டுரைகளிலும் ஆசிரியர்களாகப் பெயர் கொடுத்திருந்தவர்களில் பலர் இரண்டுக்கும் பொதுவானவர்களே என்பதையும், இரண்டின் முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை என்பதையும் கவனித்தவர்கள் குறைவு. இத்துறைக்குள் புதிதாக வருபவர் கட்டுரைகளைத் தாமே படித்து, முடிந்தால் தரவையும் தாமே இறக்கிச் சோதித்துப் பார்க்கும் நிலைக்கு வருவதற்கு எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதற் படி: கேள்வி மொழியைப் பற்றியது

இந்தோ-ஐரோப்பியம் என்பது ஓர் இனத்தின் பெயரன்று, ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று பேசியதும், 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தைச் சேராத தனிக்குடும்பம் என்று எழுதியதும் சொற்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளே. எலும்பில் மொழி எழுதப்பட்டிருக்காது. ஆகவே டிஎன்ஏவைத் தொடுவதற்கு முன்பு, மொழியியல் நமக்குத் தரும் கால எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தாண்டிக் குதித்து வரைபடத்துக்குப் போனவர்கள்தான் அதிகமாக வழி தவறுகிறார்கள்.

ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் சக்ர, கிரேக்கத்தில் குக்லோஸ், ஆங்கிலத்தில் வீல் ஆகிய மூன்றும், மொழியியலாளர் 'க்வெக்வ்லோஸ்' என்று மீட்டமைக்கும் ஒரே மூலச் சொல்லிலிருந்து, ஒவ்வொரு மொழியிலும் வேறு பல சொற்களிலும் காணப்படும் அதே ஒலிமாற்ற விதிப்படி வந்தவை. தமிழில் நாம் சக்கரம் என்கிறோம். ஆனால் அது கடன் வாங்கிய சொல், சங்கப் பாடல்களில் அதே பொருளில் திகிரியும் ஆழியும் நிற்கின்றன. பரம்பரைச் சொல்லையும் கடன் சொல்லையும் பிரித்தறிவது இந்த ஒலி விதிகளால்தான். இப்போது தொல்லியலைக் கேட்டால், சக்கர வண்டிகளின் உறுதியான தடயங்கள் ஏறத்தாழ கி.மு. 3500 அளவிலிருந்தே கிடைக்கின்றன. சக்கரத்துக்கு ஒரு பொதுச்சொல்லை இத்தனை கிளைகள் பரம்பரையாகப் பெற்றிருக்க வேண்டுமானால், அந்தக் கிளைகள் சக்கரம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்திருக்க முடியாது. விதிவிலக்காக நிற்பது அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், ஹித்தைட்டு மொழி: அங்கே சக்கரத்துக்கு 'ஹுர்கி' என்ற வேறு சொல் இருக்கிறது. இதோடு இலக்கணத்தில் காணப்படும் பழமைகளையும் சேர்த்து, அனத்தோலியக் கிளையே முதலில் பிரிந்தது என்று பெரும்பாலான மொழியியலாளர் கருதுகிறார்கள். இந்த ஒரு விவரத்தை நினைவில் வையுங்கள். கட்டுரையின் இறுதியில் இதுதான் நம்மை மிகவும் தொல்லைப்படுத்தப் போகிறது.

இரண்டாம் படி: கருதுகோள்களை எதிர்பார்ப்புகளாக மாற்றி எழுதுங்கள்

டிஎன்ஏ வருவதற்கு முன்பே இரண்டு பெரிய கருதுகோள்கள் மோதிக்கொண்டிருந்தன. 1956இல் மாரியா கிம்புட்டாஸ், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே விரியும் ஸ்டெப்பி புல்வெளியில் மண்மேட்டுக் கல்லறைகளை எழுப்பிய மேய்ச்சல் மக்களிடமிருந்து இம்மொழிகள் பரவின என்றார். 1987இல் காலின் ரென்ஃப்ரூ, அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தியே அனத்தோலியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் விவசாயத்தைக் கொண்டுசென்றவர்களோடுதான் மொழியும் சென்றது என்றார். இவற்றுக்கு நடுவே, காகசஸ் மலைக்குத் தெற்கே தாயகத்தைத் தேடுவோரும் இருந்தார்கள்.

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கருதுகோளும் உண்மையானால் எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த மூதாதையர் பங்கு எலும்புகளில் தோன்ற வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெப்பி கருதுகோள் சரியென்றால், கி.மு. 3000க்கு முந்திய ஜெர்மனியின் எலும்புகளில் ஸ்டெப்பி மூதாதையர் பங்கு இருக்கக்கூடாது, அதற்குப் பிந்தியவற்றில் இருக்க வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்திலும் அதே பங்கு பிற்காலத்தில் வந்து சேர வேண்டும். அனத்தோலியாவிலும் ஏதோ ஒரு தடம் தெரிய வேண்டும். இப்படி முன்கூட்டியே எழுதி வைக்காதவருக்கு எந்த முடிவு வந்தாலும் அது தாம் நினைத்ததை உறுதிசெய்வதாகவே தோன்றும்.

மூன்றாம் படி: எலும்பிலிருந்து டிஎன்ஏ எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இறந்த உடலில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடையத் தொடங்கிவிடுகிறது. சில ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கிடைப்பவை பெரும்பாலும் நூறு எழுத்துகளுக்கும் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறோம்) குறைவான துண்டுகள். அவற்றிலும் பெரும்பகுதி மண்ணிலிருந்து எலும்புக்குள் புகுந்த நுண்ணுயிரிகளுடையது. உட்செவியைச் சூழ்ந்திருக்கும் பெட்ரஸ் எலும்பு உடலிலேயே மிக அடர்த்தியானது என்பதால், அதில் மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு, சில வேளை நூறு மடங்கு கூடுதலாக மனித டிஎன்ஏ தங்கியிருக்கும். ஏறத்தாழ 2014க்குப் பிறகு இத்துறை திடீரென வளர்ந்ததற்கு வேகமான வரிசையாக்கக் கருவிகளோடு இந்தச் சின்னஞ்சிறு எலும்பும் காரணம்.

ஆய்வகத்தில் எடுத்த டிஎன்ஏ உண்மையிலேயே பழையதா, தோண்டியவரின் வியர்வையிலிருந்து வந்ததா என்பதை எப்படி அறிவது? காலப்போக்கில் துண்டுகளின் நுனிகளில் சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, வாசிக்கும்போது தைமின் போலத் தெரியும். நுனியில் இந்த மாற்றம் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருந்தால் அது பழமையின் கையெழுத்து. புதிய டிஎன்ஏவில் இது இராது. ஆணின் மாதிரியானால் இன்னொரு சோதனையும் உண்டு: அவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே என்பதால், அதில் ஒரே இடத்தில் இரண்டு விதமான எழுத்துகள் அடிக்கடி தென்பட்டால் வேறொருவர் கலந்துவிட்டார் என்று பொருள். நீங்கள் படிக்கும் ஆய்வுக்கட்டுரையின் துணை ஆவணத்தில் இந்த இரண்டு எண்களையும் முதலில் தேடுங்கள்.

ராக்கிகடி மாதிரி இதற்கு நல்ல பாடம். அந்த இடுகாட்டிலிருந்து 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒன்றே ஒன்று நம்பத்தக்க அளவு டிஎன்ஏ தந்தது. அந்த ஒன்றிலிருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட தடவை டிஎன்ஏ நூலகம் (வரிசையாக்கத்துக்கு ஆயத்தம் செய்த துண்டுகளின் தொகுப்பு) தயாரித்துச் சேர்த்த பிறகே, மனிதருக்கு மனிதர் எழுத்து மாறும் இடங்களாக ஆய்வாளர் வழக்கமாகப் பார்க்கும் சுமார் 12 லட்சம் இடங்களில் 31,000 சொச்சம் இடங்களைப் படிக்க முடிந்தது. அவர் பெரும்பாலும் ஒரு பெண். தரவுத்தளத்தில் ஐ6113 என்ற எண்ணோடு இருக்கிறார். குளிர்ந்த சைபீரியாவில் ஒரு பல் தருவதை, ஈரமும் வெப்பமும் மாறி மாறி அடிக்கும் நிலத்தில் அறுபது எலும்புகள் தருவதில்லை. கொந்தகைத் தாழிகளின் எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. வெப்ப நிலங்களிலிருந்து குறைவான மாதிரிகளே வருகின்றன என்பதால் அங்கே வரலாறு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காம் படி: பெயரையும் தேதியையும் சந்தேகியுங்கள்

ஸ்டெப்பியின் அந்த மேய்ச்சல் மக்களுக்கு வழங்கும் யம்னாயா என்ற பெயரைக் கேட்டதும் ஒரு குலமோ அரசோ கண்முன் வரும். உண்மையில் அது 'குழி' என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லிலிருந்து தொல்லியலாளர் வைத்த பெயர். குழிக்குள், மண்மேட்டின் அடியில் புதைக்கும் வழக்கமுடையவர்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தம்மை அவர்கள் என்ன சொல்லி அழைத்துக்கொண்டார்கள் என்பதை எந்த எலும்பும் சொல்லப்போவதில்லை. தரவுத்தளங்களில் ஒருவரின் பெயருக்கு எதிரே நாடு, ஊர், காலம், பண்பாடு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நீண்ட குறி இருக்கும். அந்தக் குறி ஓர் ஆய்வாளரின் முடிவு. அதே கல்லறை வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் மரபணுவில் வெளியாளாக இருந்தால் அவருக்குத் தனிக்குறி இட்டிருப்பார்கள்.

தேதியில் இன்னும் கவனம் வேண்டும். ரேடியோகார்பன் தேதி நேரடியாக அந்த எலும்பிலிருந்து எடுக்கப்பட்டதா, சூழலை வைத்து ஊகித்ததா என்று பாருங்கள். நேரடியாக எடுத்ததானாலும், ஆற்று மீனை அதிகம் தின்றவரின் எலும்பு உண்மையைவிடச் சில நூற்றாண்டுகள் பழையதாகக் காட்டக்கூடும். நீரில் கரைந்திருக்கும் பழைய கார்பன் மீன் வழியாக உடலுக்குள் வருவதே காரணம். வோல்கா, தோன், நீப்பர் ஆகிய ஆறுகளின் கரையில் வாழ்ந்தவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் இது சின்ன விஷயமன்று.

ஐந்தாம் படி: தரவை இறக்கி, ஒரு சிறு சோதனை செய்யுங்கள்

இதுவரை வெளியான பழைய மரபணுக்களில் பெரும்பகுதியை ஒரே வடிவில் தொகுத்து, ஹார்வர்டில் டேவிட் ரைக்கின் ஆய்வகம் 'ஆலன் பழங்கால டிஎன்ஏ களஞ்சியம்' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். கோப்புகள் சில ஜிபி அளவுள்ளவை. ஓரளவு நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும், பொறுமைதான் அதிகம் வேண்டும். ஒரு தொகுப்பில் நான்கு கோப்புகள் வரும்: மரபணு எழுத்துகள் ஒன்றில், அவை எந்த இடத்தைச் சேர்ந்தவை என்ற பட்டியல் இன்னொன்றில், ஆட்களின் எண்ணும் பாலும் குழுப்பெயரும் மூன்றாவதில், தேதி, இடம், தரம் ஆகிய விவரங்கள் நான்காவதில். மூன்றாவதையும் நான்காவதையும் எந்த விரிதாளிலும் திறந்து படிக்கலாம். மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுதும் அவற்றைப் படித்துக்கொண்டிருப்பது வீண்வேலையன்று.

நான் இதைத் தொடங்கியபோது அப்படிச் செய்யவில்லை. ஒரே ஆளின் டிஎன்ஏ இரண்டு விதமாகச் செயலாக்கப்பட்டு இரண்டு வரிகளில் இருப்பதைக் கவனிக்காமல், இருவரையும் வெவ்வேறு குழுக்களில் சேர்த்துவிட்டேன். அந்த இரு குழுக்களுக்கும் இடையே வியக்கத்தக்க உறவு இருப்பதாக இரண்டு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இரட்டைப் பதிவுகளையும் நெருங்கிய உறவினர்களையும் நான்காம் கோப்பைப் பார்த்து நீக்கிய பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

பெரும்பாலோர் முதலில் வரைவது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்ற புள்ளிப் படத்தை. இன்றைய மக்களை வைத்து அச்சுகளை அமைத்து, பழைய மனிதர்களை அவற்றின்மேல் வீழ்த்திப் பார்ப்பது வழக்கம். ஸ்மார்ட்பிசிஏ என்ற நிரல் இதைச் செய்யும். படம் அழகாக இருக்கும், அதனாலேயே ஆபத்தானது. ஒருவர் இரு கூட்டங்களுக்கு நடுவில் விழுந்தால் அவர் அவற்றின் கலப்பு என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் மூதாதையாகவும் இருக்கலாம், இரண்டோடும் தொடர்பில்லாதவராகவும் இருக்கலாம். வண்ணப் பட்டைகளாக வரும் அட்மிக்ஸ்சர் படங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நிறம் என்பது நிரல் கண்ட ஒரு கூறு, ஒரு மக்களின் கொடி அன்று.

உண்மையான சோதனை எஃப்4 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. கருத்து எளிது. நான்கு குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வெகுதொலைவில் நிற்கும் ஆப்பிரிக்காவின் ம்புட்டி மக்கள், யம்னாயா, மத்திய ஐரோப்பாவின் முதல் விவசாயிகள், அவர்களுக்குப் பின் அதே நிலத்தில் கி.மு. 2900 அளவில் தோன்றிய கயிற்றுக்கோலப் பானைப் பண்பாட்டினர். கடைசி இரு குழுக்களும் ஒரே கிளையில் பிறந்து, வெளியார் எவரும் கலக்காமல் இருந்திருந்தால், யம்னாயாவோடு இருவருக்கும் உள்ள ஒற்றுமை சமமாக இருக்கும். எண் சுழியத்தை ஒட்டி நிற்கும். ஒருவர் பக்கம் யம்னாயா சாய்ந்தால் எண் சுழியத்திலிருந்து விலகும். அந்த விலகல் தற்செயலா என்பதை அதன் திட்டப்பிழையால் வகுத்துப் பார்க்கிறோம். விடை மூன்றுக்கு மேல் போனால் பொருட்படுத்தத்தக்கது என்பது வழக்கம். இங்கே அது மூன்றைத் தாண்டி எங்கோ போய் நிற்பதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்தது கியூபிஆட்ம்: ஒரு குழு எந்த மூலங்களிலிருந்து என்ன விகிதத்தில் கலந்து வந்திருக்கலாம் என்று கணக்கிடும் முறை. ஆர் என்ற கணினி நிரல்மொழி தெரிந்தவர்கள் அட்மிக்ஸ்டூல்ஸ் 2 என்ற தொகுப்பில் இதை எளிதாக ஓட்டலாம். கயிற்றுக்கோலப் பானையினரை இலக்காக வைத்து, யம்னாயா மட்டும் மூலம் என்று ஒரு மாதிரியும் (இங்கே மாதிரி என்பது எலும்பு மாதிரியன்று, நாம் கருதிப் பார்க்கும் கலவைக் கணக்கு), யம்னாயாவும் ஐரோப்பிய விவசாயிகளும் மூலங்கள் என்று இன்னொரு மாதிரியும் கொடுங்கள்; ஒப்பீட்டுக்கு வெளிக்குழுக்களாகப் பழைய வேட்டைச் சமூகங்கள் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரி நிராகரிக்கப்படும். இரண்டாவது, ஏறத்தாழ முக்கால் பங்கு யம்னாயா, கால் பங்கு விவசாயி என்ற விகிதத்தில் நிற்க வாய்ப்புண்டு. 2015இல் 69 ஐரோப்பியரின் பழைய டிஎன்ஏவை வைத்து ஹார்வர்டு குழு வெளியிட்ட விகிதமும் அதுதான்.

இங்கே புதியவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். மாதிரி நிராகரிக்கப்படவில்லை என்றால் அது நிரூபிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்வது ஒன்று. கியூபிஆட்ம் ஒரு மாதிரியைத் தள்ளத்தான் தெரியும், ஏற்றுக்கொள்ளத் தெரியாது. வெளிக்குழுக்கள் பலவீனமாக இருந்தால் எந்த அபத்தமான மூலத்தையும் அது விட்டுவைக்கும். அதனால் உங்களுக்குப் பிடித்த மாதிரி தேர்வானதும், பிடிக்காத மாதிரிகள் நான்கைந்தை அதே சோதனைக்கு அனுப்புங்கள். இன்னொன்று, எல்லாக் குழுக்களையும் ஒரே கணக்கில் திணிப்பது. அந்தத் தொகுப்பின் இயல்பான அமைப்பில், எந்த ஒரு குழுவிலாவது தகவல் இல்லாத இடம் எல்லோருக்கும் நீக்கப்பட்டுவிடும். ராக்கிகடியின் ஐ6113ஐத் தனிக்குழுவாகப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்: பல லட்சம் இடங்களோடு தொடங்கிய கணக்கு 31,000க்குள் சுருங்கி, திட்டப்பிழை வீங்கி, நேற்று நிராகரிக்கப்பட்ட மாதிரிகளெல்லாம் இன்று தேறிவிடும்.

ஆறாம் படி: சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பாருங்கள்

இப்போது வெளியான முடிவுகளுக்குள் போகலாம். யம்னாயா மக்கள் கி.மு. 3300 அளவில் தோன்றுகிறார்கள். கிழக்கு ஐரோப்பிய வேட்டைச் சமூகத்தின் மூதாதையர் பங்கும், காகசஸ் பகுதி வேட்டைச் சமூகத்தோடு உறவுள்ள மூதாதையர் பங்கும் அவர்களிடம் கலந்திருக்கின்றன. அதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில் கிழக்கே ஆல்தாய் மலையடிவாரத்தில் அஃபனசியேவோ பண்பாட்டில் ஏறத்தாழ அதே மரபணு தென்படுகிறது. மேற்கே கயிற்றுக்கோலப் பானையினரிடம் முக்கால் பங்கு வந்துவிட்டது. பிரிட்டனில் கி.மு. 2500க்குப் பின் சில நூற்றாண்டுகளுக்குள் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறிப்போனது. முன்பு தொல்லியலாளர்கள் பானை வடிவம் மட்டுமே பரவியது, மக்கள் பரவவில்லை என்று சொல்லிவந்த இடங்கள் இவை.

தெற்காசியப் பாதைதான் நம்மில் பலருக்கு ஆர்வமூட்டுவது. அதுவே அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவதும். யம்னாயாக்கள் நேராக இந்தியாவுக்கு வரவில்லை. கயிற்றுக்கோலப் பானையினரோடு உறவுள்ள, ஆகவே ஐரோப்பிய விவசாயிகளின் பங்கையும் சுமந்த ஒரு கூட்டம் கிழக்கே திரும்பி, உரால் மலைக்கு அருகே சிந்தாஷ்டா பண்பாட்டில் கி.மு. 2000ஐ ஒட்டித் தேர்களையும் புதைக்கிறது. அதே வகை மரபணு கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் மத்திய ஆசியா வழியே தெற்கே இறங்குகிறது. இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் கி.மு. 1200ஐ ஒட்டிய கல்லறைகளில் அது உள்ளூர் மக்களோடு கலந்து காணப்படுகிறது. கலந்த துண்டுகளின் நீளம் தலைமுறைக்குத் தலைமுறை குறைவதைக் கொண்டு காலத்தைக் கணித்தால், தெற்காசியாவுக்குள் இந்த வருகை கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் நிகழ்ந்ததாகத் தெரிகிறது. ராக்கிகடிப் பெண்ணோ அதற்கு முந்தியவர். அவரிடம் ஸ்டெப்பி பங்கு இல்லை. இரண்டு கட்டுரைகளும் ஒன்றோடொன்று பொருந்துவது இப்படித்தான்: அவர் காலத்தில் இல்லாதது பின்னர் வந்தது.

சுவாத் கல்லறைகளில் ஓர் எதிர்பாராத நுணுக்கமும் உண்டு. அங்கே ஸ்டெப்பி பங்கு பெரும்பாலும் பெண்கள் வழியாக வந்திருக்கிறது. ஆண் வழியில் மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமில் ஸ்டெப்பிக்குரிய ஆர்1ஏ கிளை மிகச் சிலரிடமே இருந்தது. இன்றைய தெற்காசியரிடம் நிலைமை தலைகீழ்: ஆண் வழிப் பங்கே மிகுதி. ஆகவே சுவாத் மக்களையே பின்வந்த அனைவருக்கும் நேர் மூதாதையர் என்று கொள்ள முடியாது. வடமேற்கின் ஒரு பள்ளத்தாக்கு துணைக்கண்டம் முழுவதற்கும் சாட்சி சொல்லாது. ஒய் குரோமோசோமைப் பற்றி இன்னொரு குறிப்பும் தேவை: யம்னாயா ஆண்களிடம் மேலோங்கியது ஆர்1பியின் ஒரு கிளை, கயிற்றுக்கோலப் பானையினரிடமும் பின்னர் இந்தியாவிலும் ஆர்1ஏ. யம்னாயாவே எல்லோருக்கும் நேர்த்தந்தை என்று சொல்பவரிடம் இந்த முரண்பாட்டைக் காட்டுங்கள்.

ஏழாம் படி: மொழியோடு முடிச்சிடும் இடத்தில் நில்லுங்கள்

மரபணு பரவியது என்பதிலிருந்து மொழி பரவியது என்பதற்குத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் எதிர்ச்சான்றைத் தேட வேண்டும். ஐபீரியத் தீபகற்பத்தில் கி.மு. 2000க்குள் மூதாதையர் பங்கில் ஏறத்தாழ 40 விழுக்காடும், ஆண் வழியில் கிட்டத்தட்ட முழுவதும் மாறிப்போனது. ஆனால் அங்குள்ள பாஸ்க் மக்கள், ஸ்டெப்பி பங்கு நிறைய இருந்தும், இந்தோ-ஐரோப்பியமல்லாத மொழியை இன்றுவரை பேசுகிறார்கள். இத்தாலியின் எத்ருஸ்கர்களும் அப்படியே: மரபணுவில் பக்கத்து இலத்தீன்காரர்களைப் போன்றவர்கள், மொழியில் வேறு. சீனாவின் தாரிம் படுகையில் கிடைத்த கி.மு. 2000ஐ ஒட்டிய மம்மிகளை, பிற்காலத்தில் அங்கே பேசப்பட்ட இந்தோ-ஐரோப்பிய மொழியான தொக்காரியத்தோடு பல ஆண்டுகள் இணைத்துப் பேசினார்கள். 2021இல் டிஎன்ஏ வந்தபோது மிகப் பழைய மம்மிகளிடம் யம்னாயா பங்கே இல்லை.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள வாசகர் ஒருவர் இதைத் தம் கையால் சோதிக்கலாம். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் நூற்றுச் சொச்சம் மரபணுக்கள் ஆயிரம் மரபணுத் திட்டத்தில் பொதுவில் உள்ளன. களஞ்சியத்திலும் அவை சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஸ்டெப்பி, சிந்துவெளியை ஒட்டிய மக்கள், அந்தமானியர் வழியாக நாம் மறைமுகமாகக் காணும் பழைய தெற்காசிய வேட்டைச் சமூகம் ஆகிய மூன்றையும் மூலங்களாக வைத்து ஓட்டினால், திராவிட மொழி பேசுவோரிடமும் சிறிதளவு ஸ்டெப்பி பங்கு ஆளுக்கு ஆள், சமூகத்துக்குச் சமூகம் மாறி மாறி வருவது தெரியும். இந்தோ-ஐரோப்பிய மொழி பேசாதவரிடமும் அப்பங்கு உண்டு. பேசுபவரில் சிலரிடம் மிகக் குறைவு. ராக்கிகடிப் பெண் என்ன மொழி பேசினார் என்பதற்கும் அவருடைய 31,000 எழுத்துகளில் விடையில்லை. சாதிப் பெயரை வைத்து விழுக்காட்டுப் பட்டியல் போடும் ஆசை இந்த இடத்தில்தான் பலருக்கு வரும். சில ஆட்களின் சராசரி ஒரு சமூகத்தின் அடையாள அட்டையாகாது; அதைச் செய்யாதிருப்பதே நல்லது.

எட்டாம் படி: தீராத கண்ணிக்குத் திரும்புங்கள்

முதலில் பிரிந்த ஹித்தைட்டின் நிலத்தில் ஸ்டெப்பி பங்கு எங்கே? 2018இல் அனத்தோலியாவின் வெண்கலக் கால எலும்புகளைப் பார்த்தபோது அது கிடைக்கவில்லை. ஸ்டெப்பி கருதுகோளுக்கு அது பெரிய அடி. 2023இல் சொற்பட்டியல்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த ஒரு குழு, இக்குடும்பம் ஏறத்தாழ 8,100 ஆண்டுகளுக்கு முன் காகசசுக்குத் தெற்கே தொடங்கியிருக்கலாம், ஸ்டெப்பி இரண்டாவது நிறுத்தமே என்றது. சக்கரச் சொல் வாதத்தை முன்வைக்கும் மொழியியலாளர் பலர் அந்தக் காலக்கணிப்பை ஏற்கவில்லை. எனக்கும் அந்தக் காலம் மிகப் பழையதாகவே படுகிறது.

2025 பிப்ரவரியில் லசாரிடிஸ் உள்ளிட்டோர், கி.மு. 6400க்கும் 2000க்கும் இடைப்பட்ட 435 பேரை வைத்து ஓர் இடைவழியைக் காட்டினார்கள். காகசசுக்கும் கீழ் வோல்காவுக்கும் இடையே பரந்திருந்த ஒரு மக்கள்தொடர், யம்னாயாவுக்கு ஐந்தில் நான்கு பங்கு மூதாதையரைத் தந்தது. அதே மக்கள்தொடரின் பங்கு, மத்திய அனத்தோலியாவின் வெண்கலக் கால மக்களிடம் குறைந்தது பத்தில் ஒன்றாகத் தெரிகிறது. அப்படியானால் ஹித்தைட்டின் மூதாதை மொழியும் யம்னாயாவின் மொழியும் அந்த மக்கள்தொடரில் ஒரே இடத்தில் இருந்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு, அதுவும் அண்டை நிலங்களின் மரபணுக்கள் ஏற்கெனவே காகசஸ் சாயலோடு இருக்கும் இடத்தில், எத்தனை உறுதியானது என்பதை யோசித்துப் பாருங்கள். கட்டுரையின் துணை ஆவணத்தில் அவர்கள் தேர்ந்த வெளிக்குழுக்களின் பட்டியல் இருக்கிறது. களஞ்சியத்தின் அண்மைத் தொகுப்பை இறக்கி, அதே வெளிக்குழுக்களோடு மத்திய அனத்தோலியரை இலக்காக வைத்து மாதிரியை ஓட்டுங்கள். பிறகு கீழ் வோல்கா மூலத்தை எடுத்துவிட்டு, காகசசின் தெற்கிலிருந்து வேறொரு மூலத்தை வைத்து மீண்டும் ஓட்டுங்கள்.